பத்தியத்திற்குப் பாஸ்கா உண்டா?

தவக்காலத்து ஒருசந்தியையும் சுத்தபோசனத்தையும் நம் இல்லங்கள் நன்கறியும். சாம்பல் புதன் தொடங்கிப் புனித வாரம் முடிய, நாவுக்கு இனிய சிலவற்றை நாம் மனமுவந்து விலக்கி வைக்கிறோம். கவிச்சி இல்லாத வெள்ளிக்கிழமை நமக்குப் பெரும் பாரமாகத் தோன்றுவதில்லை. ஏனெனில் அதற்கு ஒரு முடிவு உண்டு. பாஸ்கா விடிந்ததும் அடுக்களையில் இறைச்சி மணக்கும், பிள்ளைகளின் முகம் மலரும், ஒறுத்தல் நிறைவெய்தும். அதுவே முறையும் ஆகும்.

மருத்துவர் விதிக்கும் பத்தியத்தையும் நம்மவர் பலர் இந்த ஒருசந்தியைப் போலவே ஏற்கின்றனர். "சோற்றைக் குறையுங்கள், இனிப்பை விடுங்கள், நாள்தோறும் நடங்கள்" என்ற சொற்களைக் கேட்டு வீடு திரும்பும் குடும்பத் தலைவர், மறுநாளே பல்லைக் கடித்துக்கொண்டு தொடங்கிவிடுகிறார். முதல் வாரம் கோதுமைக் கஞ்சி, உப்பில்லாக் காய், விடியுமுன் வேகநடை. இரண்டாம் வாரம் முகம் சுண்டுகிறது; வீட்டில் எரிச்சல் வளர்கிறது. மூன்றாம் வாரம் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்று வருகிறது. அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர் பிறகு பத்தியத்தின் பக்கம் திரும்புவதே இல்லை.

அவருக்கு விவரம் தெரியாதா? தெரியும். மனவுறுதி இல்லையா? இரவெல்லாம் கடலில் வலையிழுக்கும் மனிதருக்கும், உச்சி வெயிலில் குனிந்து மிளகாய்ப் பழம் பறிக்கும் பெண்மணிக்கும் மனவுறுதியைப்பற்றி நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. நாற்பது நாள்களுக்குரிய மனநிலையைக் கொண்டு நாற்பது ஆண்டுகளைக் கடக்க முயல்கிறோம். ஒறுத்தலுக்குப் பாஸ்கா உண்டு. சர்க்கரை நோயாளியின் உணவுக்குப் பாஸ்கா இல்லை. நாளும் வேண்டாவெறுப்பாகச் செய்யும் எதுவும் நெடுநாள் நிலைக்காது. விரும்பிச் செய்வதே நிலைக்கும்.

அவ்வாறாயின், நலம் தரும் உணவையும் உடலசைவையும் ஒருவர் விரும்பக் கற்றுக்கொள்ள முடியுமா? முடியும் என்பதே இக்கட்டுரையின் செய்தி.

வாசலுக்கு வந்துவிட்ட நோய்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் நடந்த பேராய்வு ஒன்றின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளிவந்தன. அதன்படி நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவு நோயுடையோர். மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அந்நோயின் வாசற்படியில் நிற்பவர்கள். உயர் இரத்த அழுத்தம் உடையோர் 31 கோடிக்கும் மேல். இவ்வெண்கள் செய்தித்தாளோடு நின்றுவிடுவன அல்ல. காலில் ஆறாத புண், மங்கிய கண், வாரந்தோறும் சிறுநீரகச் சுத்திகரிப்புக்காக நகரத்துக்குப் பேருந்துப் பயணம், அதற்காக அடகுக்குப் போன தாலிக்கொடி என்று இவை நம் தெருக்களில் முகம் காட்டுகின்றன.

நம் கடலாடி வட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தெற்கே மூக்கையூர், வாலிநோக்கம், நரிப்பையூர் என்று நீளும் கடற்கரை. சாயல்குடியைச் சூழ்ந்த பனங்காடு. உள்ளே தள்ளி, மழையை நம்பி நெல்லும் மிளகாயும் விளையும் நிலம். உழைப்புக்குப் பேர்போன மண் இது. ஆயினும் ஒரு தலைமுறைக்குள் அவ்வுழைப்பின் உருவம் மாறிவிட்டது. பாயும் துடுப்பும் இருந்த இடத்தில் எஞ்சின் இருக்கிறது. நடந்து சென்ற சந்தைக்கு இன்று இருசக்கர வண்டியில் செல்கிறோம். பனையேறியின் மகன் நகரத்துக் கடையில் கணக்கெழுதுகிறார். உடலை வருத்தும் வேலை குறைந்ததில் தவறேதுமில்லை. அது பெற்றோர் வேண்டிப் பெற்ற பேறு. ஆனால் வேலை குறைந்த பின்னும் இலையில் விழும் சோற்றின் அளவு குறையவில்லை. அத்தோடு மாலைநேர வடையும், இரவுநேரப் பரோட்டாவும், பிள்ளைகளின் கையில் குளிர்பானப் புட்டியும் சேர்ந்துகொண்டன.

இதைத் தடுக்க இயலும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரைப் பிரித்து, ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனித்தனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவைச் சீர்செய்து, நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கும்படி தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டோரில் அவ்வெண் 39 ஆக இருந்தது. மந்திரம்போல் நோய் மறைந்துவிடவில்லை. எனினும் நூறு குடும்பங்களில் பதினாறு குடும்பங்கள் அக்காலத்துக்குள் நோய்க்கு ஆளாகாமல் தப்பின. அந்தப் பதினாறில் நம் குடும்பமும் ஒன்றாக இருக்கலாம் அன்றோ?

நாவும் ஒரு மாணவனே

"எனக்கு இது பிடிக்காது" என்பதைப் பிறப்பிலேயே எழுதப்பட்ட தீர்ப்பாக நாம் கருதுகிறோம். உண்மை அதுவன்று. இனிப்பை விரும்புவதும் கசப்பை வெறுப்பதும் குழந்தைக்கு இயல்பு. மற்ற விருப்பங்களுள் பெரும்பாலானவை பழக்கத்தால் வந்தவையே. முதன்முதலாகக் காப்பி குடித்த நாளை நினைத்துப் பாருங்கள். அந்தக் கசப்பை யார் விரும்பினார்கள்? மிளகாய்க் காரத்தைத் தொட்டு அழுத பிள்ளைதான் வளர்ந்தபின் காரமில்லாத குழம்பைக் குறைகூறுகிறது. கற்றுக்கொண்ட நாக்கு மறுபடியும் கற்றுக்கொள்ளும்.

உப்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள மோனெல் ஆய்வு நிலையத்தார் 1982இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். சிலரை ஐந்து மாதங்கள் உப்புக் குறைந்த உணவு உண்ணச் செய்தனர். தொடக்கத்தில் உணவு அவர்களுக்குச் சப்பென்றிருந்தது. மாதங்கள் செல்லச்செல்ல, உப்புக் குறைந்த சூப்பும் ரொட்டியும் அவர்களுக்கு இனித்தன. முன்பு விரும்பிய அளவு உப்பு இப்போது மிகையாகக் கரித்தது. அவர்கள் தியாகம் செய்து உண்ணவில்லை. அவர்களுடைய நாக்கே மாறிவிட்டது.

வாலிநோக்கத்துக் கடற்கரையில் உப்பு விளைவதை நாம் காண்கிறோம். 1974இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் பாத்திகள் அங்கே வெண்மையாக விரிந்து கிடக்கின்றன. உப்பு நம் மண்ணின் செல்வம். நம் பலருக்குக் கூலி தரும் தொழிலும் ஆகும். ஆயினும் உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது. நம் நாட்டார் உண்பது 8 முதல் 11 கிராம் வரை என்று ஆய்வுகள் பல கூறுகின்றன. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பொட்டலத் தின்பண்டங்கள் ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் உப்பும் இதில் அடங்கும்.

இதை ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் கலகமே விளையும். வாரத்துக்குச் சிறிது என்று குறைத்தால் ஒருவரும் அறியார். உப்புக் குறைந்த குழம்பு சோபையிழக்காமல் காக்கும் துணைவர்கள் நம் வீட்டிலேயே இருக்கின்றனர்: புளி, எலுமிச்சை, பூண்டு, சீரகம், மிளகு, இவற்றோடு 2023இல் புவிசார் குறியீடு பெற்றுப் பெருமையடைந்த நம் இராமநாதபுரம் முண்டு மிளகாய். புளிப்பும் மணமும் காரமும் அளவோடு கூடினால், உப்பின் குறை நாக்குக்குத் தெரிவதில்லை.

சர்க்கரைக்கும் இதே வழி. நாளைக்கு நான்கு முறை தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால், தேநீரிலேயே எட்டுக் கரண்டி. ஒரு கரண்டி ஏறத்தாழ 4 அல்லது 5 கிராம். சேர்க்கும் சர்க்கரை நாள் ஒன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, இரண்டு வாரம் சென்றபின் ஒன்றாக்குங்கள். சில மாதங்களில் பழைய இனிப்பு உங்களுக்கே திகட்டும்; தேயிலையின் மணத்தை அப்போதுதான் உண்மையில் உணர்வீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பிள்ளையின் சுவைப்பயிற்சி சோறூட்டும் நாளிலா தொடங்குகிறது? அதற்கும் முன்பே. தாய் உண்ணும் உணவின் மணம் கருப்பையின் நீரிலும் தாய்ப்பாலிலும் கலந்து குழந்தையைச் சேர்கிறது. கருவுற்ற காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு அருந்திய தாய்மாரின் குழந்தைகள், பின்னர்க் கேரட் கலந்த உணவை மற்றக் குழந்தைகளைவிட விரும்பி உண்டதை 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே கருவுற்ற பெண் கீரையும் காயும் உண்பது அவளுக்கு மட்டுமன்று, பிள்ளைக்கும் முதற்பாடம்.

வளர்ந்த பிள்ளை கீரையைத் துப்பினால் மனம் சோர வேண்டாம். புதிய உணவு ஒன்றைப் பிள்ளை ஏற்க எட்டு, பத்து முறைகூடச் சுவைக்க வேண்டியிருக்கும் என்பர் ஆய்வாளர். நாமோ மூன்றாம் முறையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். அடித்து ஊட்டவும் வேண்டாம். "கீரை தின்றால் மிட்டாய் தருவேன்" என்று கைக்கூலி பேசவும் வேண்டாம். கைக்கூலி கொடுத்தால் கீரை தண்டனை, மிட்டாயே பரிசு என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். ஒரு பிடி இலையில் வைத்து, நாம் சுவைத்து உண்பதை அது காணும்படி செய்தால் போதும்.

மருந்து என்று சொல்லாதீர்கள். ருசி என்று சொல்லுங்கள்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் நடந்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. ஒரே காய்கறி, ஒரே சமையல். பெயர்ப்பலகை மட்டும் நாளுக்கு நாள் மாறியது. சில நாள்களில் வெறும் பெயர். சில நாள்களில் உடலுக்கு நல்லது என்ற குறிப்பு. சில நாள்களில் நாவூறச் செய்யும் ருசியான பெயர். ருசியான பெயரிட்ட நாள்களில், வெறும் பெயரிட்ட நாள்களைவிட நூற்றுக்கு 25 பங்கு கூடுதலானோர் அக்காயை எடுத்துக்கொண்டனர். உடல்நலத்தைப் பறைசாற்றிய நாள்களில் அத்தகைய ஈர்ப்பு இல்லை.

நம் வீடுகளுக்கு இதில் பாடம் உண்டு. "உங்களுக்குச் சர்க்கரை, ஆகையால் இதைத் தின்னுங்கள்" என்று வைக்கப்படும் தட்டு எவ்வளவு நன்றாகச் சமைக்கப்பட்டிருந்தாலும் கசக்கத்தான் செய்யும். "இன்று முருங்கைக்கீரை தேங்காய்ப்பூ போட்டு வதக்கியிருக்கிறேன், வாருங்கள்" என்று அழைத்தால் அதே கீரை விருந்தாகும்.

ருசிக்கு வெளியூர் செல்லவும் வேண்டாம். விலையுயர்ந்த பொட்டலங்களில் வரும் ஓட்ஸ்தான் உடல்நலம் என்று எவர் சொன்னார்? மன்னார் வளைகுடாவின் சாளையும் சூடையும் நெத்திலியும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இச்சிறு மீன்களின் எண்ணெய் இதயத்துக்கு உகந்தது. முள்ளோடு உண்ணத்தக்க நெத்திலியில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. பெரிய மீனை ஏற்றுமதிக்கு அனுப்பிவிட்டுச் சிறுமீனை ஏழையின் உணவென்று எண்ணுகிறோம். சத்தைப் பொறுத்தவரை அது அரசர் உணவு. எண்ணெயில் முறுகப் பொரிப்பதை வாரத்துக்கு ஒரு நாளாக்கி, மற்ற நாள்களில் புளிக்குழம்பும் அவியலும் தோசைக்கல்லில் வாட்டலும் என்று மாற்றிப் பாருங்கள். மீனின் உண்மையான சுவை அப்போதுதான் தெரியும்.

நம் மாவட்டத்து மானாவாரி நிலத்துக்கு ஏற்ற குதிரைவாலியும், கம்பும், கேழ்வரகும் உண்டு. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. பனங்கிழங்கு உண்டு, கோடையில் நுங்கு உண்டு, கொல்லையில் முருங்கை உண்டு. காயும் பழமும் சேர்த்து நாளொன்றுக்கு 400 கிராமாவது வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. இலையில் பாதி காயும் கீரையும், கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ, கால் பங்கு சோறு என்று கண்ணளவில் பிரித்துக்கொண்டால், தராசு தேவையில்லை. காயை முதலில் உண்டு சோற்றுக்குப் பின்னர்ப் போனால், கை தானாகவே நின்றுவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் ஊர்ப் பொருள் என்பதாலேயே எதுவும் அளவின்றி உண்ணத்தக்கதாகிவிடாது. கருப்பட்டி மணமானது, சுவையானது. ஆயினும் அதுவும் சர்க்கரையே. நீரிழிவுடையோர் அதைச் சர்க்கரைக்கு மாற்று மருந்தாக எண்ணிவிடக் கூடாது. சிறுதானியச் சோறும் மாவுச்சத்தே; நார்ச்சத்து கூடுதல் என்பதற்காக இரண்டு மடங்கு உண்டால் பயன் போய்விடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி குதிரைவாலிக்கும் பொருந்தும்.

காலுக்கும் ஓர் இன்பம்

இனி உடலசைவுக்கு வருவோம். சென்னைத் திருமங்கலம் பகுதியில் ஏசியாட் காலனி என்னும் குடியிருப்பு ஒன்று உண்டு. 1990களின் பிற்பகுதியில், மருத்துவர் வி. மோகனும் அவர் குழுவினரும் நடத்திய ஆய்வில், நடுத்தர வருவாயுடைய அம்மக்களிடையே நூற்றுக்கு 12.4 பேருக்கு நீரிழிவு இருந்தது. அதே ஆய்வில் இடம்பெற்ற, வருவாய் குறைந்த மற்றொரு பகுதியிலோ 6.5 பேருக்கே இருந்தது. மருத்துவர்கள் ஏசியாட் காலனி மக்களுக்கு நோயின் இயல்பை எடுத்துரைத்தனர். மக்கள் கேட்டதோடு நிற்கவில்லை. தங்களுக்குள் நிதி திரட்டி, நடைபாதையோடு கூடிய அழகிய பூங்கா ஒன்றை அமைத்தனர். முன்பு அங்கே வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தோர் நூற்றுக்கு 14 பேர். பின்னர், 2006இல் வெளியான கணக்கின்படி, அவ்வெண் ஏறத்தாழ 59 ஆக உயர்ந்திருந்தது.

பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் அளந்தபோது, அக்குடியிருப்பில் நோயின் அளவு 12.4இலிருந்து 15.4 ஆகவே கூடியிருந்தது. வருவாய் குறைந்த பகுதியிலோ 6.5இலிருந்து 15.3 ஆக ஏறிவிட்டது. பூங்கா ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் சொல்ல இயலாது. ஆயினும் இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. நோய் இனிச் செல்வருக்கு மட்டும் உரியதன்று. ஏழையின் குடிசைக்கும் அது வந்துவிட்டது. மற்றொன்று, அழகான இடமும் அண்டை வீட்டார் துணையும் வாய்த்தால், மக்கள் தாமாகவே நடப்பார்கள்.

வேளாங்கண்ணிக்குப் பாத யாத்திரை செல்லும் நம் மக்களைப் பாருங்கள். அடுத்த தெருவுக்கும் வண்டியில் போகிறவர், ஆகஸ்டு மாத இறுதியில் குழுவோடு புறப்பட்டு நாள்கணக்கில் நடக்கிறார். கால் கொப்பளித்தாலும் முகம் வாடுவதில்லை. பாட்டு இருக்கிறது, துணை இருக்கிறது, போய்ச் சேர வேண்டிய இடம் இருக்கிறது, வழியில் மோர் கொடுக்கும் அன்புக் கைகள் இருக்கின்றன. இந்நான்கையும் ஆண்டு முழுவதற்கும் சிறிது சிறிதாகப் பிரித்துக்கொண்டால் அதுவே நல்ல உடற்பயிற்சி.

முதல் நாளே மூச்சிரைக்க ஓடுவோர் மறுவாரம் நின்றுவிடுகின்றனர். உடலசைவற்று வாழ்ந்தோரைக்கொண்டு 2008இல் வெளிவந்த சிறு ஆய்வு ஒன்று, மிதமான பயிற்சியின்போது எவருக்கு இன்பமான உணர்வு இருந்ததோ, அவரே ஆறு மாதங்களுக்கும் ஓராண்டுக்கும் பின்னர் கூடுதலாக இயங்கிக்கொண்டிருந்தார் என்று காட்டியது. ஆகவே வேகத்தைப் பேச்சால் அளவிடுங்கள். நடக்கும்போது துணைவரோடு பேச முடிய வேண்டும்; ஆனால் பாட முடியாதபடி மூச்சு சற்றே வாங்க வேண்டும். அது போதிய வேகம். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரையும், பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரமும் உடலசைவு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த அளவு. ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

உணவுக்குப்பின் பத்து நிமிட நடைக்குத் தனிச் சிறப்பு உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவுடையோர் நாளில் ஏதோ ஒரு வேளையில் அரைமணி நடப்பதைவிட, மூன்று வேளை உணவுக்குப்பின்னும் பத்துப்பத்து நிமிடம் நடந்தபோது, உண்டபின் ஏறும் சர்க்கரை நூற்றுக்கு 12 பங்கு குறைந்திருந்தது. இரவு உணவுக்குப்பின் நடந்த நடையே மிகுந்த பயன் தந்தது. இயங்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்வதே இதற்குக் காரணம். இரவு உண்டதும் தொலைக்காட்சிமுன் சாய்வதற்குப் பதிலாக, கணவனும் மனைவியும் தெருமுனைவரை காற்று வாங்கி வரலாம். பகலெல்லாம் பேச நேரமில்லாத தம்பதியருக்கு அந்தப் பத்து நிமிடம் உடலுக்கு மட்டுமா நன்மை?

நடையை விரும்பாதவருக்கு வேறு வழியே இல்லையா? உண்டு. இளைஞருக்குக் கைப்பந்தும் சடுகுடும் சிலம்பமும். பெண்களுக்குக் கும்மியும் கோலாட்டமும். சிறுமியருக்குப் பாண்டியும் கயிறு தாண்டலும். கடற்கரைப் பிள்ளைகளுக்கு, பெரியவர் கண்காணிப்பில், நீச்சல். எதில் மனம் களிக்கிறதோ அதுவே அவரவர்க்குரிய பயிற்சி.

உழைப்போர் கேட்கும் கேள்வி

"காலை முதல் மாலை வரை உழைத்துச் சாகிறோம், எங்களுக்கும் உடற்பயிற்சியா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. குடங்களை வண்டியில் அடுக்கி, உவர் மண்ணின்மீது தொலைவிலிருந்து நல்ல தண்ணீர் தள்ளிவரும் நம் பெண்களை நோக்கி "நடங்கள்" என்று சொல்வது அறிவீனம். அவர்களுக்குத் தேவை ஓய்வும் நல்ல உணவும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? எல்லாரும் உண்டபின், சட்டியின் அடியில் எஞ்சிய குழம்பையும் சோற்றையும் தாய் உண்கிறாள். காயும் மீனும் அவளுக்கு எட்டுவதில்லை. வயிற்றை நிரப்புவது சோறு ஒன்றே. குடும்பத்தோடு அமர்ந்து, மற்றவருக்கு விழும் அளவே மீனும் காயும் தாயின் தட்டிலும் விழ வேண்டும். உணவை இன்புற்று உண்ணக் கற்பது என்று நாம் பேசும்போது, முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவாகவே இருக்கலாம்.

உழைப்பால் உடல் நொந்தவருக்கு இரவில் கைகால் நீட்டி மடக்கும் மெல்லிய அசைவுகள் இதம் தரும். உடல் கூலிக்காக மட்டும் இயங்குவது வேறு. மகிழ்ச்சிக்காக இயங்குவது வேறு. பேரப்பிள்ளையோடு பந்து வீசி விளையாடும் மீனவத் தாத்தா இதை நமக்கு விளக்கமின்றிக் காட்டுகிறார்.

வீட்டில் தொடங்குவது எங்ஙனம்?

ஒன்று: ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். இம்மாதம் தேநீர்ச் சர்க்கரை, அடுத்த மாதம் உப்பு, அதற்கடுத்து இரவு நடை என்று படிப்படியாகச் செல்லுங்கள்.

இரண்டு: நோயாளிக்கெனத் தனிச்சட்டி வைக்காதீர்கள். அவர் ஒருவர் மட்டும் ஒதுங்கி உண்ணும் உணவு தண்டனையாகிறது. அவருக்கு நல்லது வீட்டிலுள்ள அனைவருக்கும் நல்லதே. ஒரே சட்டி, ஒரே பந்தி. அளவு மட்டும் அவரவர்க்கேற்ப.

மூன்று: மெதுவாக உண்ணுங்கள். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பது பழமொழி. வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளையைச் சென்றடையச் சற்று நேரம் ஆகும். கைப்பேசியைத் தள்ளி வைத்து உண்டால் குறைந்த உணவிலும் நிறைந்த சுவை காண்போம்.

நான்கு: விருந்தைப் பாவமாக்காதீர்கள். திருவிழா அசனத்தில் பிரியாணி உண்பதால் எவரும் கெட்டுப்போவதில்லை. அசனத்துக்கு மறுநாளும் அதன் மறுநாளும் என்ன உண்கிறோம் என்பதே நம் நலத்தைத் தீர்மானிக்கும். ஒரு நாள் தவறினால் "எல்லாம் போயிற்று" என்று கைவிட வேண்டாம். அடுத்த வேளை உணவிலிருந்து தொடருங்கள்.

ஐந்து: ஏளனம் செய்யாதீர்கள். பருத்த உடலைக் கேலி செய்தால் எவரும் நடக்கத் தொடங்குவதில்லை. வீட்டுக்குள் ஒளியத்தான் தொடங்குவர்.

இவற்றோடு ஒரு கண்டிப்பான சொல்லும் உண்டு. மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வோர், உணவும் நடையும் தொடங்கிவிட்டோம் என்று மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. உணவைக் குறைக்கும்போது சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடவும் கூடும். மருந்தின் அளவை மருத்துவரே மாற்ற வேண்டும். நெஞ்சுவலியோ காலில் புண்ணோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்னரே நடக்கத் தொடங்குக. நீரிழிவுடையோர் வெறுங்காலோடு நடத்தல் ஆகாது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மருந்து வீடு தேடி வருகிறது. வரும் பணியாளரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்.

ஊரும் துணை நிற்கட்டும்

2023இல் தமிழக அரசு மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளை வகுத்தது. எல்லா ஊருக்கும் அத்தகைய பாதை வந்துவிடாது. ஆனால் ஊருக்கு ஒரு கண்மாய்க் கரை உண்டு, கடற்கரை உண்டு, பள்ளி மைதானம் உண்டு, கோவில் வளாகம் உண்டு. கருவேல முள் மண்டிய பாதையை இளைஞர் ஒரு ஞாயிறு மாலை சீர்செய்து, தெருவிளக்குக்கு ஊராட்சியில் மனுக் கொடுத்தால், இருட்டுக்கும் நாய்க்கும் அஞ்சும் பெண்கள் கூட்டமாக நடக்கலாம். அன்பியக் கூட்டங்களில் பஜ்ஜிக்குப் பதிலாகச் சுண்டலும் நுங்கும் பரிமாறலாம். எவரும் குறைசொல்ல மாட்டார்கள்.

அன்புக்குரிய இல்லத்தாரே, வருகிற ஞாயிற்றுக்கிழமையிலேயே தொடங்குவோம். பூசை முடிந்ததும் சந்தையில் நாம் இதுவரை வாங்காத ஒரு காயையோ கீரையையோ வாங்குவோம். அதை எப்படிச் சமைப்பதென்று பாட்டியைக் கேட்போம். அன்றிரவு உண்டபின் வீட்டார் அனைவரும் தெருவில் பத்து நிமிடம் நடப்போம். பிடித்திருக்கிறதா என்று அன்றே முடிவு செய்துவிட வேண்டாம். நாவுக்கும் காலுக்கும் பத்து முறையாவது வாய்ப்புக் கொடுப்போம். பதினோராம் முறை, நாம் அழைக்காமலே பிள்ளைகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்கள்.